கல்லூரி ஆண்டு மலர்: ஆசிரியர் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரி மலரின் ஆசிரியர் குழுவில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்றால், இந்த வருடம் யார் யாரோ எழுதப்போகும் முதல் கதையும் முதல் கவிதையும் உங்கள் கைக்குத்தான் வரப்போகின்றன. அவர்களில் பலருக்குத் தம் பெயரை அச்சில் பார்ப்பது அதுவே முதல் தடவை. சிலருக்கு அதுவே கடைசித் தடவையும்கூட. அந்த ஒரு பக்கத்தை எவ்வளவு நன்றாகச் செய்து கொடுக்க முடியுமோ அவ்வளவு நன்றாகச் செய்து கொடுப்பதுதான் குழுவின் வேலை. அட்டை, விளம்பரம், புகைப்படம், அச்சகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பொறியியல் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ, வேலை ஏறக்குறைய இதேதான்.

முதல் கூட்டத்தில் கேட்க வேண்டியவை

குழுவுக்கு ஒரு பேராசிரியர் பொறுப்பாசிரியராக இருப்பார். பெரும்பாலும் தமிழ்த்துறையிலிருந்து ஒருவரும் ஆங்கிலத் துறையிலிருந்து ஒருவரும் இருப்பார்கள். முதல் கூட்டத்திலேயே அவர்களிடம் கேளுங்கள்: மலர் மொத்தம் எத்தனை பக்கம்? பணம் எங்கிருந்து வருகிறது? மலர் எப்போது வெளியாக வேண்டும்? கடைசி ஒப்புதல் யாருடையது? இதையெல்லாம்விட முக்கியமான கேள்வி, மாணவர் படைப்புகளுக்கு எத்தனை பக்கம் என்பது.

முதல்வர் வாழ்த்துச் செய்தி, ஆண்டறிக்கை, துறை அறிக்கைகள், என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு, குழுப் புகைப்படங்கள் என்று போட்டுக்கொண்டே போனால் பாதி மலர் அங்கேயே தீர்ந்துவிடும். இவை வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. கல்லூரியின் வரலாறு பிற்காலத்தில் இவற்றிலிருந்துதான் எழுதப்படும். ஆனால் ‘துறைக்கு ஒரு பக்கம், 150 சொல்’ என்று ஆரம்பத்திலேயே அளவு வைத்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது. ‘மாணவர் படைப்புகளுக்கு 48 பக்கம்’ என்பதுபோல் ஓர் எண்ணைப் பேசி முடித்து, கூட்டக் குறிப்பில் எழுதி வைத்துவிடுங்கள். ஜனவரியில் புகைப்படங்கள் வந்து குவியும்போது அந்தக் குறிப்புதான் உங்கள் பக்கங்களைக் காப்பாற்றும்.

குழுவில் தமிழ் இலக்கியம் படிப்பவர்கள் மட்டும் இருந்தால் போதாது. கணிதம், வணிகவியல், வேதியியல் படிப்பவர்களும், விடுதியில் தங்கியிருப்பவர்களும், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர்களும் வேண்டும். எந்த வகுப்பில் யார் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாமாண்டு மாணவர்கள் இருவராவது கட்டாயம் இருக்கட்டும். அடுத்த வருடம் வேலை தெரிந்த ஆள் வேண்டுமே.

நாட்காட்டி

மார்ச் மாதம் கல்லூரி நாளில் மலர் வெளிவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்டில் அறிவிப்பு, செப்டம்பர் இறுதிவரை படைப்புகள் வாங்குவது, அக்டோபரில் படித்துத் தேர்ந்தெடுப்பது என்று திட்டமிடுங்கள். நவம்பரில் செமஸ்டர் தேர்வு, அப்போது யாரும் கிடைக்கமாட்டார்கள். டிசம்பரில் எழுதியவர்களோடு உட்கார்ந்து திருத்தம், ஜனவரியில் வடிவமைப்பும் மெய்ப்பும் (அச்சுக்கு முன் பிழை பார்ப்பது), பிப்ரவரியில் அச்சு. டிசம்பர், ஜனவரியில் அச்சகங்கள் காலண்டர், டைரி வேலையிலும், சென்னைப் புத்தகக் காட்சிக்கான புத்தக வேலையிலும் மூழ்கியிருக்கும். பொங்கலுக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்தச் சமயத்தில் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவசரப்படுத்தினால் வேலை சுத்தமாக வராது.

படைப்பு கேட்கும் விதம்

‘மலருக்குக் கதை, கவிதை, கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அம்மாவைப் பற்றி, நட்பைப் பற்றி, நிலாவைப் பற்றி, அப்துல் கலாமைப் பற்றிக் கவிதைகள் கட்டுக் கட்டாக வரும். எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள்.

உங்கள் பாட்டிக்குத் தெரிந்த தாலாட்டையோ ஒப்பாரியையோ கேட்டு, பாடியவர் பெயர், ஊரோடு எழுதிக் கொடுங்கள். உங்கள் ஊரில் மட்டும் புழங்கும் சொற்கள் இருபதைப் பொருளோடு தொகுத்து வாருங்கள். நீங்கள் வரும் டவுன் பஸ்ஸின் முதல் நடையில் யார் யார் ஏறுகிறார்கள் என்று எழுதுங்கள். கல்லூரித் தோட்டத்தைப் பராமரிக்கும் அண்ணனையோ விடுதியில் சமைக்கும் அக்காவையோ பேட்டி எடுங்கள். ஊர் ஏரி எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது? அப்பா செய்யும் தொழிலில் உள்ள கருவிகளின் பெயர்கள் என்னென்ன? தெலுங்கோ உருதோ சௌராஷ்டிரமோ வீட்டில் பேசுகிறவர் அந்த மொழிக் கதை ஒன்றைத் தமிழில் தரலாம். இப்படிக் கேட்டால், ‘எனக்கு எழுத வராது’ என்று ஒதுங்கியிருந்தவர்கள் வருவார்கள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை தறியைப் பற்றி எழுதும் நான்கு பக்கத்தை வேறு யாராலும் எழுத முடியாது. அந்தப் பக்கங்கள்தான் இருபது வருடம் கழித்தும் படிக்கும்படி இருக்கும்.

அறிவிப்போடு நின்றுவிடாதீர்கள். வகுப்பு வகுப்பாகப் போய் ஐந்து நிமிடம் பேசுங்கள். கையால் எழுதித் தருவதையும் வாங்கிக்கொள்ளுங்கள். மடிக்கணினி இல்லாதவர்கள் நிறைய, போனில் தமிழ் தட்டச்சு பழகாதவர்களும் நிறைய. தட்டச்சு செய்துதர குழுவில் இரண்டு பேரை ஒதுக்கிவிடுங்கள். தட்டச்சு செய்து அனுப்புகிறவர்கள் யூனிகோடில் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அனுப்பட்டும். ஜிபோர்டு, செல்லினம் எதில் அடித்தாலும் யூனிகோடுதான். வாட்ஸாப் செய்தியாகவோ படமாகவோ வேண்டாம், ஒரே மின்னஞ்சலுக்கு வரட்டும். பெயர், துறை, ஆண்டு, தொடர்பு எண் எல்லாம் அதிலேயே இருக்க வேண்டும். எண் குழுவின் பயன்பாட்டுக்கு மட்டும், மலரில் அச்சாகக் கூடாது.

படிப்பது, பதில் சொல்வது

வந்தவை எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் ஏற்றி எண் கொடுங்கள். பெயரை மறைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். துறைத் தலைவருக்கு வேண்டியவர், பேரவைச் செயலாளரின் நண்பர் என்ற பேச்சு எழாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. குழு உறுப்பினர்களின் எழுத்தும் இதே வழியில்தான் வர வேண்டும். ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

படிக்கும்போது ‘நன்றாக இருக்கிறது, இல்லை’ என்று மட்டும் குறிக்காதீர்கள். எந்த வரி உங்களை நிறுத்தியது, எங்கே கவனம் நழுவியது என்று எழுதுங்கள். எழுதியவரிடம் பேச உட்காரும்போது உங்கள் கையில் இருக்கப்போவது அந்தக் குறிப்புதான்.

அப்புறம், எல்லோருக்கும் பதில் சொல்லுங்கள். பெரும்பாலான குழுக்கள் தவறவிடுவது இதைத்தான். கொடுத்ததற்கு என்ன ஆயிற்று என்றே தெரியாமல், மலர் வந்த அன்று பக்கம் பக்கமாகப் புரட்டித் தன் பெயரைத் தேடும் ஒரு முதலாமாண்டு மாணவியை நினைத்துப் பாருங்கள். அவர் அடுத்த வருடம் எழுதித் தர மாட்டார். எடுக்காத படைப்புக்கு இரண்டு வரி போதும்: ‘இந்தத் தடவை சேர்க்க முடியவில்லை. கிணற்றடியைப் பற்றி எழுதியிருந்த பகுதி எங்கள் இருவருக்கும் பிடித்தது. அதை மட்டும் விரித்து எழுதிப் பாருங்களேன்.’ உண்மையிலேயே பிடித்தது எதுவோ அதைச் சொல்லுங்கள், ஒப்புக்குச் சொல்ல வேண்டாம்.

மலரில் இடம் போதாதவற்றுக்குச் சுவரிதழ் இருக்கிறது. நூலக வாசலில் ஒரு பலகை, மாதம் ஒருமுறை மாற்றும் தாள்கள், நல்ல கையெழுத்து உள்ள ஒருவர், படம் வரையும் ஒருவர். செலவு அதிகம் இல்லை. தமிழில் கையெழுத்து இதழ்களுக்கு நீண்ட மரபு உண்டு. மலருக்கே பணம் இல்லை என்று நிர்வாகம் கைவிரித்தாலும் இந்த வழி எப்போதும் திறந்திருக்கும்.

எழுதியவரோடு உட்கார்ந்து திருத்துவது

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். தேர்ந்தெடுத்த ஒவ்வொரு படைப்புக்கும் குழுவில் ஒருவர் பொறுப்பு. அவர் எழுதியவரை நேரில் சந்திக்க வேண்டும். காண்டீனிலோ மரத்தடியிலோ அரைமணி நேரம் போதும்.

சந்திப்பில் முதலில் படைப்பை எழுதியவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே திக்குகிறாரோ அங்கே வாக்கியத்தில் ஏதோ சரியில்லை. பாதிச் சிக்கலை அவரே கண்டுபிடித்துவிடுவார்.

மாணவர் கதைகளில் அடிக்கடி பார்ப்பது, கதைக்கு முன்னால் நிற்கும் ஒரு முன்னுரை. ‘இன்றைய நவீன உலகில் மனிதர்கள் இயந்திரங்களாக மாறிவிட்டார்கள்’ என்று தொடங்கி, மூன்றாவது பத்தியில்தான் ‘ரேஷன் கடை வரிசையில் அப்பா தலை குனிந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன்’ என்று வரும். கதை அந்த மூன்றாவது பத்தியில் இருக்கிறது. நீங்களே வெட்டிவிடாமல், ‘இங்கிருந்து ஆரம்பித்தால் எப்படி இருக்கும்?’ என்று கேளுங்கள். கடைசிப் பத்தியில் ஓர் அறிவுரை ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் மூடி வைத்துவிட்டு ஒருதடவை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கவிதையில் அடைமொழிகளைக் கேளுங்கள்: ‘வானம் நீலமானது என்று எல்லோருக்கும் தெரியும், அன்று உனக்கு எப்படித் தெரிந்தது?’ வாக்கியத்தை மடக்கி மடக்கிப் போட்டால் கவிதை ஆகிவிடும் என்று நினைத்தவரும் இந்தக் கேள்வியில் நிமிர்ந்து உட்காருவார்.

வட்டார வழக்கில் கை வைக்காதீர்கள். பாத்திரங்கள் ‘வந்தாவ’ என்றோ ‘அங்கிட்டு’ என்றோ பேசினால் அப்படியே இருக்கட்டும். எழுத்துத்தமிழுக்கு மாற்றினால் அந்த ஊரே கதையை விட்டுப் போய்விடும். ஒரே ஆள் ஒரு பக்கத்தில் ‘வந்தாவ’ என்றும் அடுத்த பக்கத்தில் ‘வந்தார்கள்’ என்றும் பேசுகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

எழுதியவருக்குத் தெரியாமல் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது. எழுத்துப்பிழையும் சந்திப்பிழையும் மட்டும் விதிவிலக்கு. நிர்வாகத்திலிருந்து ஒரு கவிதைக்கு ஆட்சேபம் வந்தாலும் இதே விதிதான். எந்த வரி, என்ன காரணம் என்று பொறுப்பாசிரியர் மூலம் தெளிவாகக் கேளுங்கள். சில சமயம் காரணம் நியாயமாக இருக்கும். கல்லூரிக்குள் ஒருவரை அடையாளம் காட்டிவிடும் குறிப்பு, ஒரு சமூகத்தைப் புண்படுத்தும் சொல் போன்றவற்றை நாமே பார்த்திருக்க வேண்டும். காரணம் நியாயமாக இல்லையென்றால், ‘சார், இந்தக் கவிதையில் கல்லூரியைப் பற்றி எதுவும் இல்லை, அவன் ஊரில் நடந்ததைத்தான் எழுதியிருக்கிறான்’ என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். உங்களுக்காகப் பேசக்கூடிய பேராசிரியர் ஒருவராவது இருப்பார். கடைசியில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முடிவை எழுதியவரிடம் விடுங்கள். மாற்றவும் அவருக்கு உரிமை உண்டு, படைப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு.

சாதி, வீட்டில் நடந்த வன்முறை, காதல் பற்றியெல்லாம் எழுதுகிறவர்களிடம், பெயரும் படமும் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். மலர் வீட்டுக்குப் போகும், அப்பாவும் அண்ணனும் படிப்பார்கள். எழுதும்போது அது நினைவில் இருந்திருக்காது. புனைபெயர் வேண்டும் என்றால் போடுங்கள். அது யார் என்பது குழுவில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

நகல் எடுத்தவை

தேர்ந்தெடுத்த கவிதைகளில் சந்தேகம் வரும் வரிகளை மேற்கோள்குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள். முகநூலில் சுற்றிய கவிதை வேறு பெயரில் வந்து நிற்பது அடிக்கடி நடக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எழுதித் தருவதும் சேர்ந்துகொண்டது. அதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி யார்மீதும் குற்றம் சாட்டாதீர்கள். எழுதியவரை அழைத்து, இந்தக் கதை எப்படித் தோன்றியது, இந்த இடம் எங்கே இருக்கிறது என்று பேசிப் பாருங்கள். சொந்தமாக எழுதியவருக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும். நகல்தான் என்று உறுதியானால், எல்லோர் முன்னிலும் அவமானப்படுத்தாமல், சொந்தமாக ஒன்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிறர் வரிகளை மேற்கோள் காட்டுவது பற்றி ஒரு வார்த்தை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். பாரதியார் படைப்புகளையும், தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய மற்ற எழுத்தாளர்களின் படைப்புகளையும் யாரும் பயன்படுத்தலாம். சினிமாப் பாடலையோ இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் கவிதையையோ முழுதாக எடுத்துப் போட அனுமதி வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படங்களுக்கும் இது பொருந்தும். உங்கள் கல்லூரியில் வரையத் தெரிந்தவர்கள் இருக்கும்போது அந்தப் படங்கள் எதற்கு?

மாணவர்களிடம் சொல்ல வேண்டிய இன்னொன்று: படைப்பு எப்போதும் எழுதியவருடையது. ஆனால் வேறெங்கும் வெளிவராத படைப்பைத்தான் பல இதழ்கள் கேட்கின்றன. பெரிய இதழுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் அங்கே அனுப்பிவிட்டு வரட்டும்.

எழுத்துரு, பக்க அமைப்பு

அச்சகத்தில் எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்று முதலிலேயே கேளுங்கள். கணினியில் பக்கம் அமைத்துத் தரும் பல சிறு டிடிபி நிலையங்களில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருள் ஓடுகிறது. அதில் யூனிகோடு வேலை செய்யாது. அதனால் உங்கள் கோப்பைப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது இடையில் இருக்கும் ஆங்கிலச் சொற்கள் புரியாத எழுத்துக்கூட்டமாகிவிடும், மேற்கோள்குறிகள் மாறும், ஸ்ரீ, க்ஷ போன்றவை உடையும். இரண்டு பக்கத்தை மாதிரிக்குக் கொடுத்து மாற்றச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். இன்டிசைனில் செய்கிறவர்கள் ‘வேர்ல்ட்-ரெடி’ பத்தி அமைப்பைத் தேர்வு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்த மலர் ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள்.

டெம்மி 1/8 என்னும் புத்தக அளவில் 11 புள்ளி (பாயிண்ட்) எழுத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொல் பிடிக்கும். 1,500 சொல் கதைக்கு ஏழெட்டுப் பக்கம் என்று இதை வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை 15, 16 புள்ளி இருக்கும்படி விடுங்கள். நம் எழுத்துக்கு மேலும் கீழும் நீட்டல்கள் உண்டு, நெருக்கினால் கண் வலிக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பக்கத்தை இரண்டாகப் பிரித்த குறுகிய பத்தியில் இருபுறமும் சமன்செய்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். அங்கே இடப்பக்கம் மட்டும் சீராக்கினால் போதும். புள்ளி வைத்த எழுத்தில் எந்த வரியும் தொடங்கக் கூடாது. கவிதையை ஒருபோதும் மிச்ச இடத்தை நிரப்பப் பயன்படுத்தாதீர்கள். சின்னக் கவிதைக்கும் தன் பக்கத்தில் வெள்ளை இடம் வேண்டும்.

மெய்ப்புப் பார்ப்பது

மூன்று சுற்று. தட்டச்சு முடிந்ததும் ஒன்று, பக்க அமைப்பு முடிந்ததும் தாளில் அச்செடுத்து ஒன்று, திருத்தங்கள் ஏறியதும் ஒன்று. திரையில் மட்டும் பார்த்தால் பிழை தப்பிவிடும். ஒருவர் மூலப்பிரதியை வாசிக்க மற்றவர் அச்சுத் தாளில் பார்ப்பது பழைய முறை, இன்றும் அதுதான் சிறந்தது.

பிழைதிருத்தி மென்பொருள் பிடிக்காதவை இருக்கின்றன. மனம்/மணம், கரை/கறை, பணி/பனி எல்லாமே சரியான சொற்கள். இடத்துக்குப் பொருந்துகிறதா என்று மனிதக் கண்தான் சொல்ல வேண்டும். ‘ஔவை’யை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருப்பார்கள். ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு (௭) உட்கார்ந்திருக்கும். சந்திக்கு ஒரு சின்னத் துணை: ‘ஐ’, ‘கு’ உருபுகளுக்குப் பின்னும், அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி ஆகியவற்றுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். ‘வந்து போனான்’, ‘என்று சொன்னான்’ போன்றவற்றில் மிகாது. ‘கேட்டுச் சொன்னான்’ என்பதில் மிகும். இதற்கு மேல் சந்தேகம் வந்தால் தமிழ்த்துறைப் பேராசிரியரைக் கேட்கத் தயங்காதீர்கள்.

பெயர்களுக்கு மட்டும் தனியாக ஒரு சுற்று வையுங்கள். முன்னெழுத்து, துறை, ஆண்டு எல்லாவற்றையும் அந்தந்த மாணவரிடமே காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கதையில் ஒரு ஒற்று விடுபட்டால் மன்னித்துவிடுவார்கள். பெயர் தப்பாக வந்தால் அந்த வருத்தம் வருடக்கணக்கில் இருக்கும். பொருளடக்கத்தில் பக்க எண்ணைக் கடைசியாகப் போடுங்கள்.

அச்சகம்

ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம். 96 பக்கம் என்றால் ஆறு ஃபாரம், கச்சிதம். 100 பக்கம் என்றால் அந்த நான்கு பக்கத்துக்காகக் கூடுதல் செலவு. வண்ணப் பக்கங்கள் எல்லாம் ஒரே ஃபாரத்தில் வரும்படி அடுக்கினால் பணம் மிச்சமாகும். உள்ளே 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) மேப்லித்தோ தாள், புகைப்படப் பக்கங்களுக்கு ஆர்ட் பேப்பர், அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு என்பது வழக்கமான தேர்வு. சில நூறு பிரதிகள்தான் என்றால் டிஜிட்டல் அச்சு, ஆயிரத்தைத் தாண்டினால் ஆஃப்செட் கட்டுப்படியாகும். குறைந்தது மூன்று அச்சகங்களில் ஒரே விவரத்தைக் கொடுத்து விலைப்புள்ளி வாங்குங்கள். புகைப்படங்களை வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அச்சுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்தில் உள்ள புள்ளிகள்) வேண்டும். இறுதிக் கோப்பைப் பிடிஎஃப் ஆகவே கொடுங்கள்.

மலர் வந்த பிறகு

வெளியீட்டு விழாவில் இரண்டு மாணவர்களையாவது தம் படைப்பிலிருந்து வாசிக்க வையுங்கள். மலரில் எழுதிய ஒவ்வொருவருக்கும் வரைந்தவர்களுக்கும் ஒரு பிரதி கூடுதலாகக் கொடுங்கள், வீட்டுக்கு ஒன்று வேண்டும். பேட்டி கொடுத்த தோட்டக்கார அண்ணனுக்கும், பாட்டுப் பாடிய பாட்டிக்கும் பிரதி போய்ச் சேர வேண்டும்.

கல்லூரி நூலகத்துக்கு ஐந்து பிரதி கொடுத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பிடிஎஃப் ஒன்றை இணையத்தில் பாதுகாப்பாக ஏற்றுங்கள். இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ ஆண்டு மலர்களையும், ஈழத்துப் பள்ளிகளின் எத்தனையோ மலர்களையும் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகத் திட்டம் மின்னாக்கி வைத்திருக்கிறது. பின்னாளில் எழுத்தாளராக அறியப்பட்ட ஒருவரின் மாணவப் பருவ எழுத்தைத் தேடுகிறவர்கள் இப்படிப்பட்ட மலர்களுக்குத்தான் போகிறார்கள். நம் கல்லூரிகள் பலவற்றில் பழைய மலர்கள் அலமாரியில் கரையானோடு கிடக்கின்றன. முடிந்தால் உங்கள் குழுவே பழைய மலர்களைத் தேடியெடுத்து ஸ்கேன் செய்யத் தொடங்கலாம்.

அடுத்த குழுவுக்கு ஒரு கோப்புறை விட்டுச் செல்லுங்கள். மூலக் கோப்புகள், எழுத்துருக்கள், விலைப்புள்ளிகள், யார் யாருக்கு என்ன பதில் சொன்னோம் என்ற பட்டியல் எல்லாம் அதில் இருக்கட்டும். ‘அடுத்த வருடம் விரித்து எழுதித் தருகிறேன்’ என்று சொன்னவர்களின் பெயர்களைத் தனித்தாளில் எழுதி, அதை முதலில் வையுங்கள். புதிய குழு ஜூலையில் முதலில் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.